ஆடுகளத்துக்கு அடியில்

"சைட்டில ஒரு காரியம் நடந்துபோச்சும்மா, தொட்டியில" என்று தொலைபேசியில் காண்டிராக்டர் நேசையா சொன்னதும் விஜயஸ்ரீ முதலில் கேட்டது ஸ்லாப்பைப் பற்றித்தான்.

"ஸ்லாப்புக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி? இறங்கிட்டா?"

மறுமுனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஸ்லாப்பு நல்லாத்தாம்மா இருக்கு. உள்ள ரெண்டு ஆளு கெடக்கான். கூப்பிட்டா சத்தமில்ல. சாரைக் கூட்டிட்டு வெரசா வாங்க" என்றார்.

அந்தக் கேள்வியை அவள் பிற்பாடு பல தடவை தனக்குள் கேட்டுப் பார்த்தாள். எப்படிக் கேட்டுப் பார்த்தாலும் அது வேறொரு கேள்வியாக மாறவில்லை. ஆளுக்கு என்ன ஆச்சு என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

டவுனில், ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலை ஒன்றின் நெற்களம் அது. முப்பத்தெட்டு சென்ட். ஊர் மாநகராட்சியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளை அந்தக் களத்தை வாங்கி, பிள்ளைகள் விளையாட ஓர் அரங்கம் கட்டித் தர வேண்டும் என்று சிவசங்கரனிடம் வந்தது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாகக் கட்டடம் வரைகிறவர் அவர். விஜயஸ்ரீ அவரிடம் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். அந்த ஒன்பது வருஷமும் ஈசானி மூலையில் பூஜை அறை, வாசலுக்கு நேரே மாடிப்படி வராமல் ஒதுக்குவது என்று மற்றவர்களுடைய வீடுகளாகவே போயிற்று. "இத நீயே போடு விஜயா. நான் கையெழுத்து மட்டும் போடுதேன்" என்று அவர் சொன்ன அன்று, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். சொன்னால் குறைந்துபோகும் என்று பயம்.

ஆனி மாதம் முழுக்க அந்தக் களத்துக்குப் போனாள். ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாட்களில் காற்று மேற்கேயிருந்து எந்த உயரத்தில் வருகிறது, எங்கே மோதித் திரும்புகிறது என்று புகையைப் பார்த்துக் குறித்தாள். எதிரே இருந்த மாவு மில்காரர், "என்னம்மா, களத்துக்கு தீவாரணை காட்டுதீயளா?" என்று கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மேற்குச் சுவரில் தாழ்வாகத் திறப்புகள், கிழக்கில் கூரைக்கு அடியில் திறப்புகள். காற்று தாழ வந்து, ஆடுகிற பிள்ளைகளின் வேர்வையை வாங்கிக்கொண்டு, மேலேறிப் போய்விடும். மின்விசிறி வேண்டாம். வடக்கு வெளிச்சம் நிறைய வருவதால் சாயங்காலம் ஆறு மணி வரை விளக்கு வேண்டாம். கூரையில் விழும் மழையெல்லாம் ஒரு தொட்டியில் சேரும். குளிக்க, கழுவ, செடிக்கு விட அதுவே போதும். முப்பத்தெட்டு சென்டில் தொட்டிக்கென்று தனி இடம் விட முடியாததால், அதை ஆடுகளத்துக்கு அடியிலேயே வைத்தாள். ஐம்பதடி நீளம், இருபதடி அகலம், ஏழடி ஆழம். அதன் மேல்மூடிதான் மேலே பிள்ளைகள் வாலிபாலும் கபடியும் ஆடப்போகும் தரை.

தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு இரண்டு ஓட்டைகள் வரைந்திருந்தாள். வடகோடியில் சாமான் அறைக்குள் ஒன்று, தென்கோடியில் ஒன்று. தென்கோடியில் இருந்தது ஆடுகளத்தின் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இரும்பு மூடி ஒரு நூல் அளவாவது தூக்கிக்கொண்டுதான் நிற்கும். மழமழவென்று ஒரே வீச்சில் கிடக்க வேண்டிய தரையில் அது ஒரு தழும்பு மாதிரி அவளுக்குப் பட்டது. இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அரை பிளேடை எடுத்து, டிரேசிங் தாளிலிருந்த மைக்கோட்டைச் சுரண்டி எடுத்தாள். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினாள்.

சிவசங்கரன் கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார்: "ஒண்ணு போதுமா விஜயா?"

"போதும் சார்" என்றாள்.

மறு வருஷம் ஆவணி பிறந்த கையோடு தொட்டிக்கு மேல்மூடி வார்த்தார்கள். உள்ளே பலகையடித்து, சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தது சங்கிலிபூதத்தானும் அவன் மச்சினன் அப்பாத்துரையும். வார்த்த நாலாம் நாள் இரண்டு பேரும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டுவிட்டார்கள். சங்கிலிபூதத்தான் காளி வேஷம் கட்டுகிறவன். காளி கட்டுகிறவன் தானே பொங்கித் தின்ன வேண்டும், பெண்டாட்டி கையால்கூட வாங்கக் கூடாது. வேலைக்கு வருவது எங்கே? இருபத்தொரு நாளில் கழற்ற வேண்டிய பலகை அப்படியே நின்றது. வேறு ஆளை விட்டுக் கழற்றவும் வழியில்லை. சென்டரிங் வேலையில் அடித்தவன்தான் பிரிப்பான். பலகை அவனுடையது, அடுத்தவன் கை வைத்தால் ஒவ்வொரு ஆணிக்கும் வழக்கு வரும். "வரட்டும், பொறுத்து வரட்டும். தொட்டி எங்க ஓடிரப் போவுது?" என்று நேசையா விட்டுவிட்டார். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், ஆனாலும் காளியோடு மல்லுக்கு நிற்க அவருக்கு மனசில்லை. ஆடு மாடு விழுந்துவிடாமல் ஓட்டையின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு, ஈரச் சாக்கையும் மணலையும் ஏற்றிவைத்தார்கள். உள்ளே தேங்கிய ஈரத்தில் ஆறு வாரத்துக்கு மேல் மரம் ஊறிக்கொண்டு கிடந்தது.

வேஷம் கலைத்து அவர்கள் வந்தது அன்றைக்குக் காலையில்தான். விஜயஸ்ரீ அப்போது சைட்டில் இருந்தாள். கொத்தனார் ஒருவர், "ஏலே காளி, நாக்க வீட்டுல கழத்தி வச்சிட்டா வந்த?" என்று கேலி பண்ணினார். சங்கிலிபூதத்தான், "வச்சிட்டுத்தான் வந்தேன். உமக்கு வேணும்னா எடுத்துட்டு வாரேன், உமக்குத்தான் நீளம் பத்தல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் காதுக்குப் பின்னால் செஞ்சாயம் இன்னும் போகாமல் இருந்தது. மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இஞ்சினியரம்மா, பலகையக் கழட்டிரவா?"

"கழட்டிருங்க. பைய" என்றாள். பலகை விழுந்து தரைப் பூச்சு அதிர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பைய.

அப்படிச் சொல்லிவிட்டு ஆபீசுக்கு பஸ் ஏறினாள்.

அவளும் சிவசங்கரனும் திரும்பி வந்தபோது தெருவே அங்கே நின்றது. தீயணைப்புக்காரர்கள் கம்பியறுத்து, சம்மட்டியால் தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்தது தென்கோடியில். ஆட்கள் அந்தப் பக்கம்தான் கிடந்தார்கள். வடகோடி ஓட்டை வழியாக, முட்டுக் கம்புகளுக்கு ஊடே அவர்களை இழுத்து வர முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தரையில் விரிசல் ஓடுவதை அவள் பார்த்தாள். ஓட்டை திறந்து, அதற்குள் வெயில் இறங்கியபோதுதான் அது எந்த இடம் என்று அவளுக்கு உறைத்தது. அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாத்துரைதான் முதலில் இறங்கினானாம். தென்கோடியிலிருந்து பிரித்து வர வேண்டும் என்று உள்ளே போனவன் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டான். "லே மாப்பிள, என்னலே?" என்று சங்கிலிபூதத்தான் குதித்து அவனிடம் ஓடியிருக்கிறான், அவனும் எழவில்லை. மூன்றாவதாக இறங்கப் போனவனின் இடுப்புத் துண்டைப் பிடித்து நேசையா இழுத்துப் போட்டிருக்கிறார்.

"கெணறுன்னா அரிக்கேன் லைட்டக் கயத்துல கட்டி எறக்கி, அணையுதான்னு பாக்காம எவனும் எறங்க மாட்டாம்மா" என்று அவர் அழுதார். "இவனுவளும் கெணத்துக்குள்ள வேல பாத்தவனுவதான். இது புதுசுலா? நாம கட்டுனதுலா? புது வீட்டுக்குள்ள போறதுக்கு எவன் வெளக்கு எறக்கிப் பாப்பான்?"

ஊறிய மரம் உள்ளேயிருந்த காற்றை எல்லாம் தின்றுவிட்டது. அவ்வளவுதான். தென்கோடியிலும் ஒரு வழி இருந்திருந்தால், தகரமும் சாக்கும் போட்டிருந்தால்கூட ஏதோ ஒரு இடுக்கில் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிருக்கும். மேலே ஆடப்போகும் பிள்ளைகளுக்காக ஒரு மாதம் ஊதுபத்தியோடு காற்றைத் தேடி நடந்தவள், கீழே இறங்கப்போகிறவனுக்காக ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. அவள் மனசில் அந்தத் தொட்டிக்குள் தண்ணீர்தான் இருந்தது. ஆள் இருந்ததே இல்லை.

மூன்றாம் நாள் ஆபீசில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"குடிச்சிட்டு எறங்கிட்டானுவ, நாங்க சொல்லியும் கேக்கலன்னு எழுதிக் குடுத்துருவோம் சார்" என்றார் நேசையா. அவர் முகம் இரண்டே நாளில் வற்றிப் போயிருந்தது. "ஆசுபத்திரி ரிப்போர்ட் வாரதுக்கு ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். மாலை கழத்துன மறுநாளு எவன்தான் குடிக்காம இருக்கான்? சொன்னா ஊரே நம்பும்."

"ஆவுடைத்தாய்க்கு நஷ்டஈடு ஒண்ணும் கிடைக்காதே அப்படிச் சொன்னா" என்றாள் விஜயஸ்ரீ. ஆவுடைத்தாய் சங்கிலிபூதத்தானின் மனைவி. ஒரே காலையில் புருஷனையும் கூடப்பிறந்தவனையும் கொடுத்தவள்.

நேசையா தலையைக் குனிந்துகொண்டார். சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருந்தது.

"அந்த ஒரிஜினல் டிரேசிங் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"என் மேசையில சார்."

"அங்கனயே இருக்கட்டும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "கையெழுத்து என்னோடது. உன் பேரு எங்கயும் வராது விஜயா" என்றார்.

அந்த 'ஒண்ணு போதுமா' அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் அதட்டியிருந்தால், பழி போட்டிருந்தால், அவள் எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருப்பாள். அந்த அன்பு அவள் வாயை அடைத்தது. அல்லது, அடைத்துக்கொள்ள அவளுக்கு அது வசதியாக இருந்தது. இரண்டில் எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

கொக்கிரகுளத்தில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. விஜயஸ்ரீ உண்மை சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு போனாள். சொல்லவும் செய்தாள். "அவங்க குடிக்கல. எட்டரை மணிக்கு என்கிட்ட நின்னு பேசினாங்க. பலகையக் கழட்டலாமான்னு கேட்டாங்க. நான்தான் கழட்டச் சொன்னேன்." நேசையா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி அவளை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு இதமாக இருந்தது. அடுத்தபடியாக அவர், "தொட்டிக்கு எத்தனை வழிம்மா?" என்று கேட்டார்.

"படத்தில ஒண்ணுதான் சார்."

பொய்யில்லை. அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, முக்கால் உண்மையைக் கொடுத்து மீதிக் காலைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொன்னவளுக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. நேர்மையானவள் என்ற பேர்.

இரண்டு வாரம் வேலை நின்றது. பிறகு அறக்கட்டளைக்காரர்கள் பொங்கலுக்குள் திறக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். உடைத்த இடத்தைக் கம்பி ஒட்டி மூடிவிடச் சொன்னார் சிவசங்கரன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கொத்தனாருக்கு விவரம் சொல்ல விஜயஸ்ரீ சைட்டுக்குப் போனாள். கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். மேற்குத் திறப்புகள் வழியே நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. தரையின் தென்கோடியில் ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

விஜயஸ்ரீயைக் கண்டதும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்களப் பாக்கத்தாம்மா வந்தேன். ஆபீசுக்கு வந்தா உள்ள விடுவாவளோ என்னமோன்னு இங்கன வந்தேன்."

"கும்பிடாதீங்க. உக்காருங்க."

"கும்பிடாம? ஊரே குடிகாரப் பய, குடிகாரப் பயன்னு சொல்லிச்சு. நாப்பத்தெட்டு நாளு ஒத்தப் பொங்கலத் தின்னுட்டுக் கெடந்த மனுசன. நீங்க ஒருத்திதான இல்லன்னு சொன்னீய? அவருக்குப் பேரு நின்னுச்சுல்லா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு எந்தம்பிய நெனைக்கவா, இவர நெனைக்கவான்னு தெரியலம்மா. ஒண்ண நெனைச்சு அழுதா இன்னொண்ணு கோவிச்சுக்கிடுமோன்னு இருக்கு."

விஜயஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்தாள். தரை சில்லென்று இருந்தது. எழுந்து போய்விட வேண்டும் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது.

ஆவுடைத்தாய் உடைந்த ஓட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இது வழியாத்தான் எடுத்தாவளா?"

"ஆமா."

"அந்தா அந்த ரூமுக்குள்ள ஒண்ணு இருக்கே, அதுல எறங்குனாவளா?"

"ஆமா."

"அங்கனருந்து இங்கன எம்புட்டு தூரம்!" அவள் கண்ணால் அளந்தாள். "இங்கன முந்தியே ஒண்ணு இருந்திருந்தா, எந்தம்பி விழுந்ததும் இவரு இங்கனக்குள்ள கைய விட்டே தூக்கியிருப்பாருல்லா?"

குற்றம் சாட்டிக் கேட்ட கேள்வி இல்லை. போனவர்களைப் பற்றி இருக்கிறவர்கள் கேட்கிற ஆயிரம் 'இருந்திருந்தா'க்களில் ஒன்று. தலையை ஆட்டிவிட்டால் போதும்.

"இருந்துச்சு" என்றாள் விஜயஸ்ரீ. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் வரைஞ்ச படத்துல இருந்துச்சு. இதே இடத்துல. நான்தான் பிறகு எடுத்துட்டேன்."

ஆவுடைத்தாய்க்கு உடனே விளங்கவில்லை. "ஏன்? செலவு கூடன்னா?"

"இல்ல. தரையில மூடி தெரிஞ்சா நல்லாருக்காதுன்னு. தரை அழகா இருக்கணும்னு."

ஆவுடைத்தாய் தரையைப் பார்த்தாள். தன் உள்ளங்கையை அதிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தெருவில் ஐஸ்காரனின் மணி சத்தம் வந்து போனது.

"இத ஏன் எங்கிட்ட சொன்னீய?" என்றாள் கடைசியில். கோபமே இல்லாத, களைத்த குரல். "வையிறதுக்குக் காண்டிராக்டர் இருந்தாரு. கும்பிட நீங்க இருந்தீய. ராவும் பகலும் அப்படியே ஓடிட்டு இருந்துச்சு. இப்ப நான் யாரக் கும்பிட?"

சொன்னால் தனக்கு லேசாகும் என்று நினைத்திருக்கிறோம், கடைசியில் இவளிடமே இறக்கி வைத்திருக்கிறோம் என்று விஜயஸ்ரீக்கு விளங்கியது.

"அங்க சொன்னீயளா? அந்த ஆபீசுல?"

"இல்ல."

"எங்கிட்ட சொன்னீயல்லா. அங்க போய் சொல்லுங்க." ஆவுடைத்தாய் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க செயிலுக்குப் போவணும்னு எனக்கு இல்ல. குடிக்கலன்னு எழுதுன தாளுல்லா அது? பாதிதான் எழுதியிருக்குன்னா அதுவும் பொய்யின்னு ஆயிரும்லா. முழுக்க எழுதச் சொல்லுங்க. நான் இங்கனயே இருக்கேன். சொல்லிட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க."

"சொல்லியாச்சுன்னா கேஸ் திரும்பவும் முதல்லருந்து நடக்கும். உங்களுக்கு வர வேண்டியது இன்னும் தள்ளிப் போகும்."

"தள்ளித்தான் போவட்டும். போனவுக ரெண்டு பேரும் எங்க போயிரப் போறாவ?"

ஆபீசில் சிவசங்கரன் இல்லை. விஜயஸ்ரீ மேசை இழுப்பறையிலிருந்து டிரேசிங் தாளை எடுத்துச் சுருட்டினாள். அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். 'மன்னிச்சிருங்க சார்' என்பதற்கு மேல் ஓடவில்லை. அதையும் கிழித்துப் போட்டாள். கையெழுத்து அவருடையது. அவள் சொல்லப்போவது முதலில் விழுவது அவர் தலையில். அதையும் தெரிந்துகொண்டேதான் படியிறங்கினாள்.

பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமை, அலுவலகம் மத்தியானத்தோடு மூடியிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போது மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்ப்பதைக் கவனித்தாள். அதைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை. தன்னைப் பற்றி வெட்கப்படுகிற நாட்கள் எல்லாம் எப்போதோ கடந்துபோனது மாதிரி இருந்தது. இதுவும் நான்தான் என்று அதைப் பார்த்துக்கொண்டே பாலத்துக்கு முன்னாலேயே இறங்கினாள். கீழே தாமிரபரணியில் யாரோ வேட்டி அலசிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகம் திறந்திருந்தது. நிலுவை வேலைக்காக அந்த அதிகாரி மட்டும் தனியே உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டு, அதே மரியாதையோடு நாற்காலியைக் காட்டினார்.

அவள் தாளை விரித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சுரண்டிய இடம் தாளின் மற்ற இடங்களைவிட மெலிந்து, சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. இது என்ன, இதை யார் எடுத்தது, எடுக்கும்போது என்ன கேட்கப்பட்டது, தான் என்ன சொன்னது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். நடுவில் நிறுத்தினார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல? பயமா?"

ஆமாம் என்றிருந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

"இல்ல சார்" என்றாள். "அன்னைக்கும் எனக்கு அந்தத் தரை மேலதான் ஆசை இருந்துச்சு. சொன்னா அதுல மூடி வந்துரும். இப்பவும் இருக்கு."

அவர் பேனா முனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி அவளைப் பார்த்தார். முன்பிருந்த மரியாதை அந்த முகத்தில் இல்லை.

"இத என்னன்னும்மா எழுத?" என்று கேட்டார்.

"நான் சொன்னபடியே எழுதுங்க சார்."